அந்தச் சொல்லுக்கு நாம் ஏன் கோபப்பட்டோம்?

தண்ணீர்மலை அடிவாரம் எழுதியது:

இவ்வளவு நாள் இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் கடைசி வருடம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் மலாய் இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்தேன். மலாய் நாவல்களில் இந்தியர்கள் எப்படி வருகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்தது அப்துல்லா ஹுசேன் எழுதிய 'இண்டர்லோக்'. 1971இல் வந்த நாவல். ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஒரு இந்தியக் குடும்பம் என்று மூன்றும் தனித்தனியாக ஓடி, கடைசிப் பகுதியில் ஒன்றாகச் சேரும். இந்தியக் குடும்பம் மணியத்துடையது.

2011இல் இது பதினேழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் படிவம் 5க்குப் பாடப்புத்தகமானபோது எனக்கு எட்டு வயது. நிபோங் தெபாலில் எங்கள் வீட்டு மேசையில் அப்பா பத்திரிகையை விரித்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் மாட்டி, "நம்மளப் பத்தி என்னா எழுதியிருக்காங்க பாரு" என்று அம்மாவிடம் சத்தம் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை காதில் அந்தச் சொல் விழக்கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது படித்தேன். மலாயாவுக்கு வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் 'பரியா' சாதி, அதனால் ஒருவரை ஒருவர் தொட அஞ்சவில்லை என்ற பொருளில் போகிறது அந்தப் பகுதி. படித்ததும் எனக்கும் முகம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டோடு கட்டுரையின் முதல் வடிவத்தை உட்கார்ந்து எழுதினேன். அதில் ஒரு வரி: "மலேசிய இந்தியர்கள் எல்லாரும் அந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் இல்லை."

எங்கள் விரிவுரையாளர் ஒரு மலாய்க்கார அம்மா. அதிகம் பேசமாட்டார். கட்டுரை திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: "காலாவ் யா?" ஆமாம் என்றால்?

அந்த இரண்டு சொல்லுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. மூன்று நாள் கட்டுரையைத் தொடவே இல்லை. ஏனென்றால் அதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கோப்பை.

என் அறைத்தோழியைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் வருடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறோம். போன வருடம் விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை தேடினோம். கெளுகோர் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு. போனில் மலாயில் பேசினேன், எல்லாம் சரி என்றார்கள். கடைசியில் "இந்தியாகா?" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றேன். அறை போய்விட்டது, சாரி என்றார்கள். அதே அறை விளம்பரம் மறுநாளும் அப்படியே இருந்தது. இப்படி நான்கு வீடு. நான்காவது முறை அவள்தான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "வா, மீ கோரெங் சாப்பிடலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். சாப்பிடும்போது இரண்டு பேரும் அழுதோம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள்.

தீபாவளிக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மா முறுக்கு வைத்தாள், தேநீர் கலக்கினாள். அவள் முன்னறையில் இருக்கும்போதே அடுப்படியில் அப்பா கேட்டார்: "அந்தப் புள்ள என்னா ஆளுங்க?" தணிந்த குரலில்தான் கேட்டார். எங்கள் வீடு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் உள்ள சின்ன வீடு, நடுவில் பாதிச் சுவர்தான். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா "வச்சிடும்மா, நான் கழுவிக்கிறேன்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே பின்வாசல் குழாய்க்குப் போய்த் தானே கழுவினாள். கழுவிவிட்டு மற்றக் கோப்பைகளோடு வைக்காமல், குழாயடித் திண்டில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. எங்கே கற்றுக்கொண்டாள்?

பத்திரிகையை விரித்துப் போட்டுச் சத்தம் போட்ட அதே அப்பாதான் அன்று அடுப்படியில் அப்படிக் கேட்டது. எனக்கு அவர் மேல் வெறுப்பு இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து லாரி ஓட்டி என்னைப் படிக்க வைக்கிறவர். ஆனால் 2011இல் நாம் எதற்குக் கோபப்பட்டோம் என்பதை எனக்குத் தெரிந்துகொள்ளவேண்டும். ஒரு சாதியைக் கேவலமாக எழுதினார்கள் என்றா? இல்லை, நம்மைப் போய் அந்தச் சாதி என்று சொல்லிவிட்டார்கள் என்றா?

அப்போது விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் இரயிலடி எழுதியது:

தங்கச்சி, நான் அன்று எதிர்த்துப் பேசினவர்களில் ஒருவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நீ நூலகத்தில் தனியாக உட்கார்ந்து படித்தாய். என் மகன் 2011இல் கோலாலம்பூரில் படிவம் 5. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் பள்ளிகளுக்குத்தான் அந்தப் புத்தகம் வந்தது. அவன் வகுப்பில் நம் பிள்ளைகள் மூன்று பேர். ஆசிரியர் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், இடைவேளையில் என்ன நடக்கும்? அந்தச் சொல் மலாயில் தெருநாய்க்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. சாதி என்றால் என்னவென்று தெரியாத பையன்கள்கூட அதைக் கெட்ட வார்த்தையாகச் சொல்லித் திரிவார்கள். என் மகன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, நாம அதுவா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு இலக்கியமாவது ஒன்றாவது. எழுதினவர் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர், கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். இடைவேளையில் அடி வாங்குகிறவன் எழுத்தாளரின் எண்ணத்தையா பார்ப்பான்?

இரண்டாவது, அதில் தகவலும் பிழை. தோட்ட வேலைக்குக் கங்காணி கூட்டி வந்த ஆட்களில் எல்லாச் சாதியும் இருந்தது. தோட்டத்தில் பிறந்தவன் நான். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யார் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள், எந்தக் கோயில் திருவிழாவில் யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதே ஒரு வெட்கம்தான், என்ன செய்வது.

திருத்தித் தருகிறோம் என்று பேச்சு நடந்தது. கடைசியில் 2011 முடியும்போது புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எங்களுக்கு அது வெற்றி.

சரி, இப்போது நீ கேட்ட கேள்வி. அதை அன்றைக்கே ஒருவர் கேட்டுவிட்டார். ஒரு மண்டபத்தில் கூட்டம். மேடையில் பேசினவர்கள் "நம்மைப் போய் இப்படிச் சொல்லலாமா" என்று பேசப் பேசக் கைத்தட்டு. பின்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப நாங்க யாரு ஐயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் "உக்காருங்க, உக்காருங்க, இப்ப அது பேச்சு இல்ல" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் இரண்டு வரிசை முன்னால் இருந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்துக் கைதட்டினேன்.

அவர் முகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. கூட்டம் முடிந்து தேடிப் போயிருக்கலாம். போகவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மேம்பாலம் எழுதியது:

அக்கா, நான் கோலாலம்பூரில் திரைப்படம் படிக்கிறேன். நீங்கள் புத்தகத்தில் கேட்பதை நான் படத்தில் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

'ஜகாட்' பார்த்திருப்பீர்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கினது, 2015இல் வந்தது. பெயரே மலாய் 'ஜாஹாட்' நம் வாயில் திரிந்து வந்த சொல். நம் வீடுகளில் சேட்டை பண்ணுகிற பையனை அப்படித்தான் திட்டுவார்கள். பன்னிரண்டு வயதுப் பையன், அடித்துப் படிக்கவைக்கப் பார்க்கும் அப்பா, குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா, தோட்டம் போய் ஊர் ஓரத்தில் ஒதுங்கின குடும்பங்கள். அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் என்ன நடந்தது என்று என் வகுப்பில் பலருக்குத் தெரியவில்லை. முதலில் மொழியை வைத்துப் பிரித்து, தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் போட்டார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்தார்கள். தான் முன்பு வாங்கின விருதுகளைத் திருப்பிக் கொடுத்த ஒளிப்பதிவாளரும் உண்டு. பிறகு விதி மாறியது, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் ஆனது. நம் சொல்லில், நம் சேரியில் எடுத்த படம் இந்த நாட்டின் படம் என்று ஆனது எனக்குப் பெரிய விஷயம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

ஆனால் என் மாமா அந்தப் படத்தைப் பாதியில் எழுந்து போய்விட்டார். "நம்ம பசங்கன்னாலே கேங்ஸ்டர்னு ஏற்கெனவே சொல்றாங்க, நாமளே படம் புடிச்சுக் காட்டணுமா" என்றார். அவர் சொன்னதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. தமிழ்ப் பையன் நான்கு பேர் மோட்டார் சைக்கிளோடு நின்றால் போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று எனக்கும் தெரியும், நானும் நின்றிருக்கிறேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். 2016இல் 'கபாலி' வந்தபோது நான் அப்பாவோடு முதல் நாள் போனேன். நம் நாட்டில் நம் கதை, அதில் ரஜினி என்று தியேட்டர் அதிர்ந்தது. இங்கே ஓடின பிரதியில் முடிவில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். அதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். படத்தின் ஆரம்பத்தில் சிறைக்குள் கபாலி கையில் ஒரு புத்தகம் இருக்கும். 'மை ஃபாதர் பாலையா', சத்தியநாராயணா எழுதினது, தெலுங்கு நாட்டுத் தலித் குடும்பம் ஒன்றின் கதை. பா. ரஞ்சித் அதைச் சும்மா வைக்கவில்லை. நம் ஊர் நாயகன் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்து நம்மிடம் ஒன்றைக் கேட்டார். நாங்கள் விசில் அடித்துக்கொண்டு இருந்தோம். புத்தகத்தின் அட்டையை அன்று தியேட்டரில் ஒருத்தரும் பார்த்திருக்கமாட்டார்கள். நானும் பல வருடம் கழித்து, வகுப்பில் அந்தக் காட்சியை நிறுத்திக் காட்டினபோதுதான் பார்த்தேன்.

சூலியா தெரு எழுதியது:

பினாங்குக்காரன் ஒருத்தன் பேசாமல் இருந்தால் எப்படி.

நான் தமிழ் முஸ்லிம். வாப்பா, அவர் வாப்பா எல்லாரும் ஜார்ஜ்டவுனில் கடை வைத்திருந்தவர்கள். உங்களுக்கு அந்தச் சொல் மாதிரி எங்களுக்கு 'கெலிங்', இந்தியர்களை மலாயில் இழிவாகக் கூப்பிடுகிற சொல். இடைநிலைப்பள்ளியில் அந்தச் சொல் கேட்காமல் ஒரு வாரம் போனதில்லை. பள்ளி விட்டால் வெள்ளிக்கிழமை எங்கே போவேன்? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு. அதே சொல் அங்கே பலகையில் பெரிதாக இருக்கும். 1801இல் சமூகத் தலைவர் காதர் முகைதீன் காலத்தில் எழுந்த பள்ளிவாசல், அவருடைய பதவிப் பெயர்தான் அது. சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். திட்டு எப்படித் தொழுகிற இடத்துக்குப் பெயரானது?

பிறகு கல்லூரியில் முன்ஷி அப்துல்லாவின் 'ஹிக்காயாட் அப்துல்லா' படித்தேன். 1849இல் அச்சானது. மலாய் உரைநடைக்கு முன்னோடி என்று எல்லாரும் படிக்கிற ஆள். அவருடைய பூட்டனார் ஏமனிலிருந்து நாகூர் வந்து, அங்கே பெண் எடுத்தவர். மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கெலிங் மொழி படிப்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம், கணக்கு வழக்குக்கு அதுதான் வேண்டும் என்று எழுதுகிறார். தானும் இரண்டு வருடத்துக்கு மேல் படித்ததாகச் சொல்கிறார். கெலிங் மொழி என்றால் தமிழ். அந்தப் பக்கத்தை நான் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசி என்றார். மறுபடி வாசித்தேன். அந்தச் சொல்லில் அன்றைக்கு அழுக்கு இல்லை. பின்னால் வந்த கைகள் பட்டுப் பட்டுத்தான் அழுக்காயிற்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்களை மற்றவர்கள் மட்டுமா தள்ளிவைக்கிறார்கள்? நம் ஆட்களே என்னிடம் "நீங்க தமிழா, முஸ்லிமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எங்கள் பக்கமும் ஒழுங்கு இல்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மலாய் என்று போட்டால் நல்லது என்று தமிழை வீட்டை விட்டு அனுப்பினவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவில் பேச்சே இல்லை, ஆணத்தை ஊற்றிக் கொடுப்பதோடு சரி.

தங்கச்சியின் அறை விஷயம், எனக்கும் நடந்திருக்கிறது. என் பெயரைக் கேட்டதும் "ஓ, முஸ்லிம், ஓகே" என்று வீட்டைக் கொடுத்தார்கள். என்னோடு வந்த கூட்டாளி இந்து, அவனுக்கு இல்லை. நான் அந்த வீட்டை எடுத்துக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

கித்தாக்காடு எழுதியது:

எல்லாரும் மனதைத் தொட்டுத்தான் எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சாதி பெயர் கூடத் தெரியாது. தானாகச் செத்துக்கொண்டு இருப்பதை இப்படித் தோண்டித் தோண்டி எடுத்தால் மறுபடி உயிர் வந்துவிடும். நமக்கு வேலை இல்லை, வீடு இல்லை, தமிழ்ப்பள்ளியில் பிள்ளை குறைகிறது. அதை விட்டுவிட்டு வீட்டு அடுப்படியில் அப்பா கேட்டதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடவேண்டுமா? அப்பா பாவம் இல்லையா?

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் வழக்கமாக இங்கே வேறு பெயரில் எழுதுகிறவள். இன்றைக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

கித்தாக்காடு அண்ணே, செத்துக்கொண்டு இருக்கிறது என்று சொல்கிறீர்கள். எனக்கு இரண்டு வரன் தட்டிப்போனது. இரண்டும் நல்ல பையன்கள், படித்தவர்கள், எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள்தான். "இந்தியாவுல எந்த ஊரு, எந்தக் கோயிலு" என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். என் அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள், தெருப் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். கடல் தாண்டி, நான்கு தலைமுறை தாண்டி, ஒரு தெருவைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். சாகிறவனுக்கு இவ்வளவு தெம்பு இருக்குமா?

செந்தூல் ஐயா சொன்ன அந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் மாதிரி என் தாத்தாவும் கூட்டங்களுக்குப் போவார், ஆனால் எழுந்து கேட்கமாட்டார். 2011இல் எங்கள் வீட்டிலும் எல்லாரும் கோபமாக இருக்கிற மாதிரி இருந்தோம். கோபமாக இல்லாவிட்டால் தெரிந்துவிடும் என்று பயம். தாத்தா மட்டும் ராத்திரி என்னிடம், "அந்தப் பேருல ஒண்ணும் இல்லடா கண்ணு, அத வச்சுத் தொடாதவன்கிட்டதான் இருக்கு" என்றார். பறை நன்றாக அடிப்பார். அவர் போன பிறகு அவருடைய பறை என் அறையில்தான் மாட்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று படம் எடுப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி, 'கபாலி' ஓடின தியேட்டரில் ஒருத்தரும் அட்டையைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் பார்த்தேன். தாத்தாவின் கையைப் பிடித்துக் காதில் சொன்னேன். எல்லாரும் கத்திக்கொண்டு இருந்தார்கள், அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. கையை மட்டும் திருப்பி அழுத்தினார்.

தண்ணீர்மலை தங்கச்சி, உன் தோழி கோப்பையை எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டாய். நான் ஏழு வயதில், ஒரு பிறந்தநாள் வீட்டில் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரமாட்டார்கள். வாங்கி வைக்கிறவர் கையைப் பார்த்தாலே வந்துவிடும்.

செந்தூல் இரயிலடி எழுதியது:

அம்மா, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் கைதட்டினவன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனால் கேட்கிறேன்.

தண்ணீர்மலை அடிவாரம் எழுதியது:

எல்லாருடைய பதிவையும் படித்தேன். பெயர் வேண்டாம் அக்கா, உங்கள் பதிவைப் பேருந்தில் வரும்போது படித்துவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

கித்தாக்காடு அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும், ஏன் இதை இங்கே போட்டேன் என்று.

கட்டுரையைத் திருத்தி எழுதினேன். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, கோப்பையைப் பற்றி எழுதினேன், மலாயில். கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதுவது தப்பு என்று தோன்றியது. சாப்பாட்டு மேசையில் வைத்து முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். நீண்ட நேரம் பேசவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். கடைசியில், "மலாய்க்கார டீச்சர்கிட்ட நம்ம வீட்டுக் கதையச் சொல்லிட்ட. நம்ம ஆளுங்ககிட்ட சொல்லுவியா? தமிழ்ல எழுதுவியா?" என்றார்.

கோபத்தில் கேட்டாரா, வேறு எப்படிக் கேட்டாரா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுதுவேன் என்றேன். சரி என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதனால்தான் இங்கே எழுதினேன், அண்ணே. அப்பாவுக்கு இந்த இடம் தெரியும், பெயரில்லாமல் வந்து வாசிப்பவர்தான்.

சூலியா தெரு அண்ணன் சொன்ன அந்த வீட்டு விஷயத்தையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாமா? பெயர் போடமாட்டேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

தோழியிடம் இன்னும் எதுவும் பேசவில்லை. அவள் இப்போது எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு இருக்கிறாள். நேற்று அம்மா புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டிருந்தாள், இந்தத் தீபாவளிக்கும் அந்தப் புள்ள வருமா என்று. கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.